செய்தியின் சார்பும் வாசகரின் சார்பும்

ஒரே செய்தியைப் படிக்கும் இரு கட்சியினரும், அது எதிர்த்தரப்புக்கு ஆதரவாகவே எழுதப்பட்டிருக்கிறது என்று குறைகூறுவது அரசியல் செய்தி வெளியிடும் எந்த இணையதளத்துக்கும் புதியதன்று. செய்தி உண்மையிலேயே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்களாவது அதில் மனநிறைவு கண்டிருக்க வேண்டும். இரு தரப்பினருமே மனக்குறையோடு போகிறார்கள் என்றால், அவர்கள் கண்ட சார்பு முழுவதும் எழுத்துக்குள் இருந்தது என்று கொள்வதற்கில்லை. அதில் ஒரு பகுதியேனும் படிப்பவரிடமிருந்தே வந்திருக்க வேண்டும். நடுநிலையான செய்தியையும் தம் தரப்புக்குப் பகையானதாகக் காணும் இந்தப் போக்கைச் சமூக உளவியலாளர்கள் ‘பகை ஊடக விளைவு’ என்று அழைக்கின்றனர். கடந்த நாற்பது ஆண்டுகளாக, பெரும்பாலும் அமெரிக்காவில், நடைபெற்றுவரும் இதைப் பற்றிய ஆய்வுகள், ஊடகங்களின் மீதான அவநம்பிக்கை எப்படி உருவாகிறது என்பதையும், வலைப்பூக்களும் சமூக ஊடகங்களும் அதை எப்படி வளர்த்தன என்பதையும் விளக்குகின்றன.

ஆட்டக்களத்தில் தொடங்கிய ஆய்வு

இந்த ஆராய்ச்சிக்கு முன்னோடியாக அமைந்தது அரசியல் நிகழ்வன்று, ஒரு விளையாட்டுப் போட்டி. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் ஆகிய இரு கல்வி நிறுவனங்களின் அணிகளுக்கு இடையே நடந்த அமெரிக்கக் கால்பந்துப் போட்டி முரட்டுத்தனமாக அமைந்தது; பிரின்ஸ்டன் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் மூக்கு உடைந்து வெளியேறினார், பின்னர் டார்ட்மத் ஆட்டக்காரர் ஒருவரின் கால் முறிந்தது. யார் மீது குற்றம் என்பது குறித்து இரு வளாகங்களின் இதழ்களும் பல நாள் மோதிக்கொண்டன. ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃப், ஹாட்லி கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, கண்ணில் படும் விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக அந்த நிறுவனத்தின் மாணவர்கள் கண்ட விதிமீறல்களைப் போல் இரு மடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். 1954ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஆய்வு, இரு தரப்பினரும் ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வெவ்வேறு கருத்துக்கு வந்தார்கள் என்று சொல்வதைவிட, அவர்கள் பார்த்ததே வெவ்வேறு ஆட்டங்கள் என்று சொல்வதே பொருந்தும் என்ற முடிவுக்கு வந்தது.

செய்தி ஊடகங்களுக்கு இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் வாலோன், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகிய மூவர். கார்ட்டரும் ரீகனும் போட்டியிட்ட 1980ஆம் ஆண்டு அதிபர் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்பு வாக்காளர்களிடம் அவர்கள் கருத்துக் கேட்டபோது, பெரும்பாலோர் ஊடகங்கள் நேர்மையாகவே நடந்துகொள்கின்றன என்றனர். சார்பு இருப்பதாகச் சொன்ன ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினரில் பத்துக்கு ஒன்பது பேர், அந்தச் சார்பு தாம் ஆதரிக்கும் வேட்பாளருக்கு எதிரானது என்றே கூறினர்.

அந்த மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வே இத்துறையின் அடித்தளமாக இன்றும் கருதப்படுகிறது. லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் இருந்த சப்ரா, ஷதீலா ஆகிய பாலஸ்தீன அகதி முகாம்களில் 1982 செப்டம்பரில் நடந்த படுகொலை குறித்து அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பிய செய்தித் துணுக்குகளை, இஸ்ரேலை ஆதரிப்போர், அரபுத் தரப்பை ஆதரிப்போர், எந்தப் பக்கமும் சேராதோர் என 144 மாணவர்களுக்கு அவர்கள் காட்டினார்கள். இஸ்ரேலைப் பற்றிய குறிப்புகளில் 42 விழுக்காடு அந்த நாட்டுக்குச் சாதகமானவை என்று அரபு ஆதரவாளர்கள் மதிப்பிட்டனர். இஸ்ரேல் ஆதரவாளர்களோ வெறும் 16 விழுக்காடே சாதகமானவை என்றும், 57 விழுக்காடு பாதகமானவை என்றும் கூறினர். நடுநிலையாளர்களின் மதிப்பீடு இவ்விரண்டுக்கும் இடையில் அமைந்தது. இந்த ஒளிபரப்பைக் காணும் பொதுமக்கள் தம் தரப்புக்கு எதிராகத் திரும்பிவிடுவார்கள் என்று இரு தரப்பும் அஞ்சியது இன்னொரு முக்கியமான கண்டறிதல். விவரம் தெரியாதவர்களே இப்படி ஏமாறுவார்கள் என்ற எண்ணத்துக்கும் அந்த ஆய்வில் இடமில்லை. பிரச்சினையைப் பற்றித் தமக்கு அதிகம் தெரியும் என்றவர்களும் அதில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்களுமே கூடுதலான சார்பைக் கண்டார்கள்.

ஏன் இப்படித் தோன்றுகிறது?

இதற்கு முதல் காரணமாக லீ ராஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் சுட்டியது, தாம் உலகை உள்ளது உள்ளபடியே காண்கிறோம் என்று மனிதர்கள் இயல்பாகக் கொள்ளும் நம்பிக்கை. இந்த நம்பிக்கை கொண்ட ஒருவர், நியாயமான மனிதர் எவரும் தாம் காண்பதையே காண வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். காணாதவர் விவரம் அறியாதவராகவோ, உள்நோக்கம் உடையவராகவோ அவருக்குத் தோன்றுகிறார். தம் தரப்பின் நியாயம் பட்டப்பகல்போல் வெளிப்படையானது என்று நம்பும் கட்சிப் பற்றாளருக்கு, இரு தரப்புக்கும் சம இடம் தரும் செய்தியே அநீதியாகத் தெரிகிறது. உண்மைக்கும் பொய்க்கும் ஒரே மதிப்பு தரப்பட்டுவிட்டதாக அவர் மனம் கொதிக்கிறார்.

இரண்டாவது காரணம் படிக்கும் முறையில் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் குந்தரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பகை உணர்வுக்குக் கூறப்பட்டுவந்த மூன்று விளக்கங்களைச் சோதித்துப் பார்த்தனர். தமக்குப் பாதகமான பகுதிகள் மட்டுமே வாசகரின் நினைவில் தங்குகின்றன என்பது ஒன்று. எதிர்த்தரப்பின் வாதங்கள் இடம்பெறவே தகுதியற்றவை என்று வாசகர் கருதுகிறார் என்பது மற்றொன்று. ஒரே வாக்கியத்தையே இரு தரப்பினரும் தத்தமக்குப் பாதகமானது என்று தரம் பிரிக்கிறார்கள் என்பது மூன்றாவது. இவற்றுள் மூன்றாவது விளக்கத்துக்கே தரவுகள் வலுச்சேர்த்தன. அதாவது, பற்றாளர் செய்தியின் பாதியை மறந்துவிடுவதில்லை; முழுவதையும் படித்து, நினைவில் வைத்துக்கொண்டு, அதன் நடுநிலையான பகுதிகளையும் எதிரியின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்.

இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. மரண தண்டனை பற்றி சார்லஸ் லார்ட், ராஸ், லெப்பர் ஆகியோர் 1979இல் செய்த புகழ்பெற்ற சோதனையில், ஆதரவும் எதிர்ப்புமாகக் கலந்து தரப்பட்ட சான்றுகளைப் படித்த இரு தரப்பினரும், அவை தம் கருத்தையே உறுதிப்படுத்துவதாகக் கொண்டனர். கலவையான சான்றைத் தமக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளும் அதே மனம், கலவையான செய்தியை மட்டும் ஏன் தமக்குப் பாதகமாக வளைக்க வேண்டும்? மரபணு மாற்றப்பட்ட உணவு குறித்த ஒரு சோதனையின் மூலம் குந்தரும் கேத்லீன் ஷ்மிட்டும் இதற்கு விடை தேடினார்கள். ஒரே வாசகம் சிலருக்குச் செய்தித்தாள் கட்டுரையாகவும், சிலருக்கு ஒரு மாணவர் எழுதிய கட்டுரையாகவும் தரப்பட்டது. செய்தித்தாளில் வந்ததாக எண்ணிப் படித்தவர்களுக்கு அது தம் தரப்புக்குப் பகையாகத் தெரிந்தது; மாணவர் எழுதியதாக எண்ணியவர்களிடம் அந்தப் பகை உணர்வு எழவில்லை. எழுத்து எத்தனை பேரைச் சென்றடையும் என்ற எண்ணமே வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள். தம்மை ஒன்றும் செய்துவிடாத வாசகம், உலகம் முழுவதும் படிக்கப்போகிறது என்றவுடன் ஆபத்தானதாகிவிடுகிறது; பற்றாளர் தமக்காகப் படிப்பதை நிறுத்திவிட்டு, எளிதில் மயங்கக்கூடியவர்கள் என்று தாம் கருதும் மற்றவர்களின் கண்களால் படிக்கத் தொடங்குகிறார்.

வலைப்பூக்களின் எழுச்சி

2000களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசியல் வலைப்பூக்கள் வேகமாக வளர்ந்தபோது, இந்த உளவியலுக்குப் புதியதொரு களம் கிடைத்தது. பெரிய ஊடகங்கள் மறைப்பதைத் தாம் வெளிக்கொணர்வதாக இரு அணி வலைப்பதிவர்களும் கூறிக்கொண்டார்கள். அதற்கு வலுவான சான்றுகளும் அவர்களிடம் இருந்தன. 2002 டிசம்பரில், மேலவை உறுப்பினர் ஸ்ட்ரோம் தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழாவில், இனப் பிரிவினையை முன்வைத்து 1948இல் அவர் நடத்திய அதிபர் தேர்தல் பிரச்சாரத்தைப் பாராட்டும் விதமாக, குடியரசுக் கட்சியின் மேலவைத் தலைவர் ட்ரெண்ட் லாட் பேசினார். பெரிய நாளிதழ்கள் தொடக்கத்தில் அதிகம் பொருட்படுத்தாத அந்தப் பேச்சை ஜோஷ் மார்ஷல் போன்ற தாராளவாத வலைப்பதிவர்கள் விடாமல் எழுதி வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள்; பழமைவாத வலைப்பதிவர்களில் சிலரும் கண்டித்த நிலையில், சில நாட்களிலேயே லாட் தம் தலைமைப் பொறுப்பைத் துறக்க நேர்ந்தது.

2004 செப்டம்பரில் வாய்ப்பு மறுதரப்புக்குக் கிடைத்தது. அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இளமையில் டெக்சாஸ் விமானக் காவல் படையில் ஆற்றிய பணி குறித்து, 1970களைச் சேர்ந்தவை என்று சொல்லப்பட்ட சில ஆவணங்களை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் அதன் மாலைச் செய்தி வாசிப்பாளர் டேன் ராதர் வெளியிட்டார். அவற்றின் எழுத்துருவும் எழுத்துகளுக்கிடையிலான இடைவெளியும் அக்காலத் தட்டச்சுப் பொறியைவிடக் கணினி அச்சையே ஒத்திருப்பதாகப் பழமைவாத வலைப்பதிவர்கள் சில மணி நேரங்களிலேயே சுட்டிக்காட்டினர். ஆவணங்களின் உண்மைத்தன்மையைத் தங்களால் நிறுவ முடியவில்லை என்று இரண்டு வாரங்களுக்குள் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ராதர் மாலைச் செய்தியறிக்கையிலிருந்து விலகினார்.

இவ்விரு நிகழ்வுகளிலும் வலைப்பதிவர்களை ஊக்கியது கட்சிப் பற்றுதான் என்றாலும், அவர்களுக்கு வெற்றி தந்தது பற்று அன்று; யாரும் எடுத்துப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு பேச்சும், யாரும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய ஓர் எழுத்துருவுமே அவர்களுக்குக் கைகொடுத்தன. பிழையை நிறுவுவதற்கும் சார்பை உணர்வதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு, பின்னாளில் வலைப்பூக்களைப் படித்தவர்கள் பலரால் மறக்கப்பட்டது. பெரிய ஊடகம் ஒருமுறை பிழை செய்தது என்பது, அது எப்போதும் நம் தரப்புக்குப் பகைதான் என்ற பொது நம்பிக்கையாக விரிந்தது.

வலைப்பூக்கள் ஒன்றோடொன்று எப்படி உறவாடின என்பதை லாடா அடாமிக், நடாலி கிளான்ஸ் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு படம்பிடித்துக் காட்டியது. 2004 தேர்தல் காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல் வலைப்பூக்களுக்கிடையே இருந்த சுட்டிகளை, அதாவது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வாசகரை அழைத்துச் செல்லும் இணைப்புகளை, அவர்கள் தொகுத்தபோது, தாராளவாத வலைப்பூக்களும் பழமைவாத வலைப்பூக்களும் இரு தனித்தனித் தொகுதிகளாகப் பிரிந்து நின்றன. பத்துச் சுட்டிகளில் ஏறத்தாழ ஒன்பது, சொந்த அணிக்குள்ளேயே சுற்றின. வலைப்பூக்களைத் தொடர்ந்து படிப்பவர்கள் நாளிதழ்களையும் தொலைக்காட்சியையும்விட அவற்றையே அதிகம் நம்பினார்கள் என்பதைத் தாமஸ் ஜான்சனும் பார்பரா கேயும் 2004இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தன் சார்பை மறைக்காத எழுத்து நம்பகமானதாகவும், நடுநிலை காக்க முயலும் செய்தி ஐயத்துக்குரியதாகவும் ஒரே வாசகருக்குத் தோன்றியது வியப்பாக இருக்கலாம். ஆனால் தம் கருத்தோடு ஒத்துப்போகும் சார்பு, சார்பாகவே தெரிவதில்லை என்பதை நினைவில் கொண்டால் அந்த வியப்பு அகன்றுவிடும். பழைய ஆய்வுகள் நடுநிலைச் செய்தியை வைத்துச் சோதித்தன. வெளிப்படையாகச் சாய்ந்த செய்தியையும் சோதித்த பிந்தைய ஆய்வுகள், சாய்வு இருப்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலும், அதனால் பயனடையும் தரப்பு அதைக் குறைத்தும், பாதிக்கப்படும் தரப்பு மிகுத்தும் மதிப்பிடுவதைக் காட்டின. இதற்கு ‘ஒப்பீட்டுப் பகை ஊடக விளைவு’ என்று பெயர்.

பெயர்ப்பலகையும் பின்னூட்டமும்

இணையத்தில் வாசகர் செய்தியைப் படிக்கும் முன்பே அதன் தலைப்பையும் வெளியிட்ட நிறுவனத்தின் சின்னத்தையும் பார்த்துவிடுகிறார். சாந்தோ ஐயங்கார், கியூ ஹான் ஆகியோர் 2009இல் வெளியிட்ட சோதனையில், ஒரே செய்தித் தலைப்புகளுக்கு ஃபாக்ஸ், சி.என்.என்., பி.பி.சி., என்.பி.ஆர். என வெவ்வேறு நிறுவனப் பெயர்கள் குலுக்கல் முறையில் ஒட்டப்பட்டன. குடியரசுக் கட்சியினர் ஃபாக்ஸ் பெயர் இருந்த தலைப்புகளையே நாடினர். ஜனநாயகக் கட்சியினர் அவற்றைத் தவிர்த்தனர். அரசியலுக்குத் தொடர்பில்லாத குற்றச் செய்தியிலும் பயணக் கட்டுரையிலும்கூட இந்த விருப்பு வெறுப்பு, அளவில் குறைந்ததே தவிர, மறையவில்லை. நைட் அறக்கட்டளையும் கேலப் நிறுவனமும் பின்னர் இணைந்து நடத்திய சோதனை ஒன்றில், நிறுவனப் பெயர் மறைக்கப்பட்ட செய்திகளைப் படித்தவர்கள், பெயரோடு படித்தவர்களைவிட அவற்றை அதிகம் நம்பினார்கள்.

செய்திக்குக் கீழே வாசகர்கள் எழுதும் பின்னூட்டங்களும் செய்தியின் மதிப்பை மாற்றுகின்றன. தென்கொரிய ஆய்வாளர் யூன்-ஜூ லீ 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பிரச்சினையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்கள், தம் கருத்துக்கு எதிரான பின்னூட்டங்களைப் படித்தபின் அந்தச் செய்தியே தமக்குப் பகையானது என்று கருதினார்கள். செய்தியில் ஓர் எழுத்தும் மாறியிருக்கவில்லை. நானோ தொழில்நுட்பம் பற்றிய நடுநிலையான வலைப்பூக் கட்டுரையை வைத்து டொமினிக் பிரொசார்ட், டீட்ரம் ஷாய்ஃபெலே முதலியோர் செய்த சோதனையில், நாகரிகமற்ற பின்னூட்டங்களைப் படித்தவர்களிடையே அந்தத் தொழில்நுட்பத்தின் ஆபத்து குறித்த கருத்துகள் இரு துருவங்களாகப் பிரிந்தன. இந்த ஆய்வைச் சுட்டிக்காட்டியே, 2013 செப்டம்பரில் ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழ் தன் புதிய கட்டுரைகளுக்குப் பின்னூட்டம் எழுதும் வசதியை நிறுத்தியது.

பின்னூட்டம் எழுதுபவர் யார் என்ற கேள்வியையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஊடகம் தம் தரப்புக்கு எதிரானது என்றும், அது மற்றவர்களைக் கெடுத்துவிடும் என்றும் நம்புபவர்களே பொதுவெளியில் பேசித் திருத்த முற்படுகிறார்கள் என்பதை, கொலம்பியாவில் திரட்டிய தரவுகளைக் கொண்டு ஹெர்னாண்டோ ரோஹாஸ் 2010இல் காட்டினார். பங்கேற்பு என்ற அளவில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் சார்பு கண்டு சினந்தவர் எழுதுகிறார், அவர் எழுதியதைப் படித்த எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர் செய்தியிலேயே சார்பு காண்கிறார், அவரும் சினந்து எழுதுகிறார் என்று இந்தச் சுழற்சி நீளும்போது, செய்தியை எழுதியவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவநம்பிக்கை வளர்ந்துகொண்டே போகிறது.

தலைவர்கள் ஊட்டும் ஐயம்

இந்த ஐயம் தானாகவே முளைப்பதன்று. அரசியல் தலைவர்கள் அதை நெடுங்காலமாகப் பயிரிட்டுவருகிறார்கள். வியட்நாம் போர் பற்றிய அதிபர் நிக்சனின் உரையைத் தொலைக்காட்சிகள் உடனுக்குடன் விமர்சித்ததை அடுத்து, 1969 நவம்பரில் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ ஆற்றிய உரை, தொலைக்காட்சிச் செய்தியைத் தேர்வுசெய்யும் சிறு குழுவினரைக் கடுமையாகத் தாக்கியது. 1988, 1992, 1996 தேர்தல்களை ஆராய்ந்த மார்க் வாட்ஸ், டேவிட் டாம்கே முதலியோர், ஊடகங்கள் தாராளவாதச் சார்புடையவை என்ற மக்களின் எண்ணம் வளர்ந்ததற்குச் செய்தியின் உள்ளடக்கம் காரணமாகவில்லை என்றும், சார்பு பற்றித் தலைவர்கள் எழுப்பிய குற்றச்சாட்டுகளை ஊடகங்களே திரும்பத்திரும்ப வெளியிட்டதே காரணம் என்றும் 1999இல் எழுதினார்கள். அரசியல்வாதிகளைச் சமூக ஊடகங்களில் நேரடியாகப் பின்தொடர்பவர்களிடம் ஊடகப் பகை உணர்வு கூடுதலாக இருப்பதைப் பின்னர் வந்த ஆய்வும் காட்டியது.

இதன் விளைவைக் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில் காணலாம். செய்தி ஊடகங்கள் முழுமையாகவும் துல்லியமாகவும் நேர்மையாகவும் செய்தி தருகின்றன என்று ஓரளவேனும் நம்பிய அமெரிக்கர்கள் 1976இல் 72 விழுக்காடு. 2016இல் 32 விழுக்காடு. 2020ஆம் ஆண்டுக் கணிப்பில் ஜனநாயகக் கட்சியினரில் 73 விழுக்காட்டினர் ஊடகங்களை நம்பினார்கள், குடியரசுக் கட்சியினரில் 10 விழுக்காட்டினரே நம்பினார்கள். ஊடக நம்பிக்கையே கட்சி அடையாளங்களில் ஒன்றாகிவிட்டதை இந்த இடைவெளி உணர்த்துகிறது.

சார்பும் பிழையும்

இந்த ஆய்வுகளைக் கொண்டு, ஊடகச் சார்பு என்பதே வெறும் மனத்தோற்றம் என்று முடிவுகட்டுவது பெருந்தவறாகும். 2020 தேர்தலில் வாக்கு எண்ணும் இயந்திரங்கள் மோசடிக்குப் பயன்பட்டன என்ற பொய்க் கூற்றுகளை ஒளிபரப்பியதற்காகத் தொடரப்பட்ட அவதூறு வழக்கில், அந்த இயந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனத்துக்கு 78.75 கோடி டாலர் தர 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் நியூஸ் இசைந்தது. ஊடகங்கள் சாய்வதுண்டு, சில வேளைகளில் தெரிந்தே பொய்யைப் பரப்புவதுமுண்டு. பகை ஊடக விளைவு பற்றிய ஆய்வு சொல்வது வேறொன்று: ஓர் ஊடகம் சாய்ந்திருக்கிறதா என்பதை அறிய, அதைப் படித்ததும் ஒருவருக்கு எழும் உணர்வு நல்ல அளவுகோல் ஆகாது, பற்று எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு அந்த அளவுகோல் பிழைபடும். இரு தரப்பும் குறைகூறுகின்றன, ஆகவே செய்தி நடுநிலையானது என்று ஆசிரியர்கள் தம்மைத் தேற்றிக்கொள்வதும் இதே காரணத்தால் செல்லாது. பொய்யான செய்தியையும் இரு தரப்பும் குறைகூறக்கூடும்.

ஆகவே வாசகர் தம் உணர்வைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், விசாரணையின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். எந்த வாக்கியம் தவறு, எந்த ஆவணம் அதை மறுக்கிறது, விடுபட்டதாகச் சொல்லப்படும் தகவல் எது என்று குறிப்பிட்டுச் சொல்ல முடிந்தால், அது எதிர்த்தரப்பினரும் சரிபார்க்கக்கூடிய குற்றச்சாட்டாகிறது; சொல்ல முடியாதபோது, இதே செய்தி தம் கட்சிக்குப் பதில் எதிர்க்கட்சியைப் பற்றியதாக இருந்திருந்தால் இதே குறையைத் தாம் சொல்லியிருப்போமா என்று கேட்டுப் பார்ப்பது நேர்மை. செய்தியாளருக்கும் இதில் பங்குண்டு: ஆதாரங்களை வாசகர் பார்க்கும்படி வைப்பதும், பிழை நேர்ந்தால் முதலில் செய்தி வெளிவந்த இடத்திலேயே அதைத் திருத்துவதும், சார்பு பற்றிய அரசியல்வாதிகளின் குற்றச்சாட்டைச் சோதிக்காமல் அப்படியே வெளியிடாதிருப்பதும் அவர் கடமைகள்.

மக்களாட்சியில் தோற்ற தரப்பு தன் தோல்வியை ஏற்றுக்கொள்வதற்கு, நடந்தது என்ன என்பதில் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு புரிதல் தேவை. அந்தப் புரிதலை வழங்க வேண்டிய செய்தியை, அது தம் மனத்துக்கு உகந்ததா என்பதைக் கொண்டே ஒவ்வொரு தரப்பும் ஏற்கவும் தள்ளவும் தொடங்கினால், பொய் சொன்ன ஊடகமும் உண்மை சொன்ன ஊடகமும் ஒரே பழியைச் சுமக்கும், உண்மையில் சாய்ந்த ஊடகத்தைக் கண்டிக்கும் வலிமையும் சமூகத்திடம் இல்லாமல் போகும். ஊடகத்திடம் நேர்மையைக் கோரும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் உண்டு. தம் பார்வையின் சாய்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டு கேட்பவரின் கோரிக்கைதான் எதிர்த்தரப்பின் காதிலும் ஏறும்.